மலை இடது கைப் பக்கம்

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் முகத்தில் எப்போதும் ஒரு கடுப்பு இருக்கும். காப்பி குடிக்காத கடுப்பு. வேங்கிக்காலில் நான் வேலை பார்த்த சின்ன லேபில் மட்டும், பௌர்ணமி அன்று காலையில் வருகிறவர்கள் சிரித்த முகமாக வருவார்கள். “எப்டியும் இன்னிக்குக் கிரிவலம் முடியிற வரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டேங்க. அந்தப் பட்டினியிலயே சுகரும் பாத்துடலாம்னு வந்துட்டேன்” என்பார்கள். ஒரே பட்டினியில் சாமி வேலையும் டாக்டர் வேலையும் முடிந்துவிடும். முதல் மாதம் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நான் அம்பத்தூரிலிருந்து போனவள். லேப் டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள்ளலாம். நாள் முழுக்க அடுத்தவர் கையில் நரம்பு தேடுகிற வேலை. எங்கள் லேபுக்குத் திருவண்ணாமலையில் ஒரு கிளை இருந்தது. அங்கே வேலை பார்த்த பெண் பிரசவத்துக்குப் போனதால், ஐப்பசியிலிருந்து தை முடிய ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். “அவ்ளோ தூரமா? ஆள விடுங்கப்பா” என்று எல்லோரும் நழுவினார்கள். நான்தான் போய் நின்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டதாகக் கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். பக்தியாவது மண்ணாவது! என் வீட்டுக்காரர் அந்த ஊரில் எங்கேயோ இருந்தார். அவரைக் கண்டுபிடித்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவருடைய அம்மா முன்னால் ஒரே ஒரு தடவை கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

அவர் வீட்டை விட்டுப் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பைக் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார், செல்போனை அதன் பக்கத்தில் வைத்தார், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்து, சட்னியை அரைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன். முந்தின நாள் சண்டை இல்லை. குடி இல்லை, வேறு பெண் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லைதான்; ஆனால் அந்த வருத்தமெல்லாம் பழசாகி, அதைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தோம். ஒரு சண்டையாவது போட்டுவிட்டுப் போயிருக்கலாம் அந்த மனுஷன். எதை நினைத்து அழுவது என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து ஏதோ நம்பரிலிருந்து போன் வந்தது. “நான் நல்லா இருக்கேன். தேட வேணாம்.” நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் ஒரு டீக்கடைக்காரர் எடுத்தார்.

“திருவண்ணாமலைங்க. யாரோ புதுசா வந்த சாமியாரு, ஒரு போன் பண்ணிக்கிறேன்னாரு, குடுத்தேன். அப்பவே போய்ட்டாரும்மா.”

புதுசா வந்த சாமியார்! என்னோடு அத்தனை வருடம் குடித்தனம் செய்த மனுஷனுக்கு ஒரே வாரத்தில் அப்படி ஒரு பெயர் கிடைத்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். “வயசு வந்த ஆளும்மா. தானா போனவர நாங்க கைய புடிச்சா இழுத்துனு வர முடியும்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். லீவு கிடைத்தபோதெல்லாம் நானே போய்த் தேடினேன். வெறும் கையோடு கடைசி பஸ்ஸில் திரும்பினேன். அதற்குள் என் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு எழ முடியாமல் ஆகிவிட்டார். நாள் செல்லச் செல்லத் தேய்ந்துகொண்டே வந்தார். அவருக்கு ஒரே பேச்சுத்தான். “ஒரே ஒரு தடவ அவன இட்டுனு வந்து காட்டிடு. அப்புறம் நான் போய்ச் சேர்றேன்.”

நான் திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது அத்தையை நாத்தனார் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தினமும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடியோ கால் வரும். நாத்தனார் போனை அம்மா முகத்துக்கு நேரே பிடிப்பாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கிடையாது. அத்தை கேட்பது ஒன்றுதான்.

“பாத்தியா?”

“இன்னும் இல்ல அத்தை.”

“சரி, நாளைக்குப் பாரு.”

அவ்வளவுதான் கால்.

கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பியிருந்த வீடுகளில் ஒன்றின் மாடியில் எனக்கு அறை. கீழே வீட்டுக்கார அம்மா. முதல் நாளே என் நெற்றிப் பொட்டையும் கழுத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வீட்டுக்காரரு எங்க இருக்காரு?” என்று கேட்டார். “வெளியூர்ல வேலைங்க” என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. எது வெளியூர்? நான் வந்து இறங்கியிருக்கிற இந்த ஊர்தான். மாடியில் துணி காயப்போடப் போனால் மலை முழுசாகத் தெரியும். ஊரே அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நான் மட்டும் அதை முறைத்துக்கொண்டு நிற்பேன். என் புருஷனை வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறது, அதற்கு எதற்குக் கும்பிடு என்று.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு நானும் கிரிவலம் போனேன். எங்கள் அம்பத்தூர்த் தெருக்காரர் ஒருவர் அவரைக் கிரிவலப் பாதையில்தான் தாடியும் காவியுமாகப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். மலையை வலது கைப் பக்கம் வைத்து எல்லோரும் நடந்தார்கள், நானும் நடந்தேன். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். நின்று பார்க்கலாம் என்றால் பின்னாலிருந்து வருகிறவர்கள் நிற்க விடுவதில்லை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாமியார்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். நடக்கிறவர்களில் காவி தெரிந்தால் ஓட்டமாக ஓடி முன்னால் போய்த் திரும்பி முகத்தைப் பார்த்தேன். இப்படி எத்தனை பேரை முந்திப் பார்ப்பது? மறுநாள் கால் இரண்டும் வீங்கி, உட்கார்ந்துகொண்டே ரத்தம் எடுத்தேன்.

கார்த்திகையில் தீபம் வந்தது. வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து, “கோச்சிக்காதம்மா, தீபத்துக்கு உன் ரூம ஆந்திராக்காரங்க புக் பண்ணிட்டாங்க. ஒரு மூணு நாளு லேப்லயே படுத்துக்கோயேன். ஜாஸ்தி நாள் இல்ல” என்றார். நான் வாடகை கொடுத்துக் குடியிருக்கிற அறை! வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன். லேபின் ஜன்னலிலிருந்து மலை உச்சியில் தீபம் ஏறியதைப் பார்த்தேன். தெருவில் எல்லோரும் அரோகரா என்று கத்தினார்கள். அந்தச் சுடரை அவரும் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அத்தைக்கு வீடியோவில் தீபத்தைக் காட்டினேன். கையைத் தூக்க முடியாமல் விரலை மட்டும் குவித்தார். குவித்துவிட்டு, “பாத்தியா?” என்றார்.

தீபத்தைக் கேட்கிறாரா மகனைக் கேட்கிறாரா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. “இல்ல அத்தை” என்றேன்.

அன்றைக்கு மட்டும் அவர் கொஞ்சம் அதிகமாகப் பேசினார். அத்தையின் அம்மா வீடு கீழ்பென்னாத்தூர். கல்யாணமாகிச் சென்னைப் பக்கம் வந்த பிறகும், பௌர்ணமி தவறாமல் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மலை சுற்றப் போவாராம். பையனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது அவனையே நடக்க வைத்தாராம். நடை வழியில் அழுதானே என்று ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச தூரத்தில் அது கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. எடுக்கத் திரும்பியவனை அத்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

“சுத்த ஆரம்பிச்சா திரும்பக் கூடாதுடி. எது வுழுந்தாலும் வுட்டுடணும். யார் கூப்ட்டாலும் போய்க்கினே இருக்கணும். அடி அண்ணாமலையில ஆரம்பிச்சவன், கோபுரம் வர வரைக்கும் பஸ்ஸு பஸ்ஸுன்னு அழுதுனே வந்தான். நான் திரும்பவே இல்லியே! அதுக்கப்புறம் எத்தினி சுத்து சுத்தியிருக்கான், ஒரு வாட்டி திரும்பிப் பாக்கணுமே, ஊம்.”

சொல்லும்போது அந்த ஒட்டிப்போன முகத்தில் ஒரு பெருமை.

அது அத்தையின் வழக்கம் மட்டும் இல்லை, அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது. லேபுக்கு வருகிற ஓர் ஆசிரியை கிரிவலத்தின்போது செல்போனை ஒரு ஜூஸ் கடையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் கடை. திரும்பிப் போய் எடுக்கவில்லை. மீதிச் சுற்றையும் நடந்து முடித்து, கோபுரத்தைக் கும்பிட்டு, அப்புறம் ஆட்டோ பிடித்துப் போய் வாங்கி வந்தார். “பாதியில திரும்பக் கூடாதில்லீங்களா” என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகத் தலையாட்டிக்கொண்டே அவர் கையில் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

மார்கழிப் பௌர்ணமிக்கும் நடந்தேன். மறுபடி முதுகுகள். வெள்ளைச் சட்டை முதுகு, ஐயப்ப சாமி முதுகு, குழந்தை தொங்குகிற முதுகு, காவி முதுகு. பார்த்துப் பார்த்து எனக்கு உலகத்தில் மனிதர்களுக்கு முகமே கிடையாது என்பதுபோல ஆகிவிட்டது. அன்று நடை முடிந்ததும் கோபுரத்துக்கு முன்னால் நின்று, “யோவ், உனக்கு நான் என்னய்யா பாவம் பண்ணேன்?” என்று சத்தமாகவே கேட்டேன். சாமியைக் கேட்டேனா, அவரைக் கேட்டேனா, எனக்கே தெரியாது. பக்கத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த பெண்மணி என் தோளைத் தட்டி, “அழுதுடு, சரியாப் பூடும்” என்றார். சரியாக எல்லாம் போகவில்லை.

அடுத்த வாரம் அடி அண்ணாமலையில் சாமியார்களுக்கு இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். லேபிலிருந்து என்னை அனுப்பினார்கள். ரத்தம் எடுக்கிற டியூப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேங்கிக்காலிலிருந்து ஆட்டோவில் போனேன். வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலைக்குக் குறுக்கு வழி என்றால் கிரிவலப் பாதையில் எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். காலை வேளை. பத்துப் பதினைந்து பேராக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோ போகப் போக ஒவ்வொரு முகமாக எனக்கு நேரே வந்தது. கண், மூக்கு, வாய், தாடி, வியர்வை, எல்லாம் தெளிவாக. தேடாமலே வந்தது, முந்தாமலே வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட பைத்தியக்காரி! எல்லோரும் ஒரே பக்கமாக நடக்கிற வட்டத்தில் நீயும் அதே பக்கமாக நடந்தால், உனக்கு முன்னால் போகிறவனை எந்தக் காலத்தில் பார்ப்பாய்? எதிராக நடந்திருந்தால் ஒரே சுற்றில் அந்தப் பாதையில் இருக்கிற அத்தனை பேரும் உன் முகத்துக்கு நேரே வந்திருப்பார்களே! இது எனக்குத் தோன்றவில்லை. நாத்தனாருக்குத் தோன்றவில்லை. வருடக் கணக்காக மலை சுற்றிய அத்தைக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை, இருந்தும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மலையைச் சுற்றுவதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்பதே எங்கள் புத்தியில் இல்லை.

முகாமில் வரிசையாகக் கைகளை நீட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கையைப் பார்த்தேன். அவர் கை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நான் லேப் கோர்ஸ் படித்தபோது, பழகிக்கொள்ள யாரும் கை கொடுக்க மாட்டார்கள். அவர்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டுவார். “குத்து, எனக்கு ஒண்ணும் வலிக்காது” என்று கண்ணை இறுக மூடிக்கொள்வார். முழங்கை மடிப்பில் இரண்டாகப் பிரிகிற நரம்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பேன். அன்று வந்த கைகளில் அது இல்லை.

போனிலிருந்த படத்தை எல்லோரிடமும் காட்டினேன். மீசையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக இருந்த படத்தைப் பார்த்து எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நடந்துனே இருப்பாரே, அவரா? ஒரு கால சாச்சி வெப்பாரு?”

“ஆமாங்க, ஆமா! இடது கால்!”

“அவரு எங்கயும் குந்த மாட்டாரும்மா. அன்னதானம்னாகூட நின்னு வாங்கி, நடந்துனே சாப்புடுவாரு. தெனம் சுத்துறாரு. யார்கிட்டயும் பேச்சு கம்மி.”

 அந்தச் சாமியாருக்கு ரத்தம் எடுக்காமல் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு பௌர்ணமியாக உட்கார்ந்திருக்கிறவர்களைக் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறேன். அவரோ எனக்கு முன்னாலோ பின்னாலோ அதே பாதையில் நடந்துகொண்டே இருந்திருக்கிறார்.

சாயங்காலம் அத்தையிடம், “ஞாயித்துக்கிழம பாத்துடுவேன் அத்தை” என்றேன். அவர் கண்ணை அகல விரித்தார். நாத்தனார் போனைத் தன் பக்கம் திருப்பி, “அண்ணி, சும்மா ஆச காட்டாதீங்க. அப்புறம் ராத்திரியெல்லாம் என்னத் தூங்க வுட மாட்டாங்க” என்று அடிக்குரலில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஈசான்ய லிங்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக வலது பக்கம் இருந்த மலை, இப்போது இடது கைப் பக்கம் இருந்தது. வண்டியில் போகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் செருப்பில்லாமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தபடி நடந்தேன். அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

“யம்மா, ராங் சைடுல போற!” என்று பூக்காரி கூப்பிட்டாள்.

ஒரு பையன் என்னைப் போனில் படம் பிடித்தான். கணவன் மனைவியாக வந்த இரண்டு பேர் நான் ஏதோ ஒட்டிக்கொள்கிற வியாதி என்பதுபோல ஒதுங்கிப் போனார்கள். குபேர லிங்கத்துக்கு அப்பால் ஒரு பெரியம்மா வழியை மறித்தே நின்றுவிட்டார்.

“இன்னாமா இது? இப்டிச் சுத்துறது சாவு வூட்ல. யாருக்கு இன்னா பண்றதுக்கு இப்டிப் போற?”

“ஆளத் தேடுறேங்க. என் வீட்டுக்காரர.”

அவர் என் தாலியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டு நடந்தார்.

அடி அண்ணாமலையைத் தாண்டி, காட்டுக்கு வேலி போட்டிருக்கிற இடத்தில் அவர் வந்தார். முதலில் நடையைத்தான் பார்த்தேன். இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து வைக்கிற நடை. பாதி உடம்பு கரைந்துபோயிருந்தது. சாயம் போன காவி வேட்டி, தோளில் ஒரு துணிப்பை. தாடியில் வெள்ளை. நான் பாதைக்கு நடுவில் நின்றேன். கிட்டே வந்ததும் என்னைப் பார்த்தார். கண் ஒரு நொடி விரிந்தது. தெரிந்துகொண்டார். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கை இரண்டும் மெல்ல உயர்ந்து கும்பிட்டன. முழங்கை மடிப்பில் அந்த நரம்பு தெரிந்தது.

“இப்டி எதிர்ல வரக் கூடாதும்மா” என்றார்.

அம்மா! ஏய், என்னை! வழியில் போகிற பெண்களையெல்லாம் சாமியார்கள் கூப்பிடுகிற மாதிரி! எனக்குள் என்னென்னவோ கொதித்தது. ஓங்கி அறைய வேண்டும் என்று இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, வந்த வேலையைச் சொன்னேன்.

“நான் எனக்காக வரல. உங்க அம்மா எழுந்திருக்க முடியாம கெடக்குறாங்க. தெனம் உங்களத்தான் கேக்குறாங்க. ஒரே ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டுங்க. அப்புறம் திரும்ப இங்கயே வந்துடுங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

அவர் உதடு நடுங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் மலையைப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“சுத்து முடியல” என்றார்.

“முடிச்சிட்டு வாங்க. கோபுரத்துக்கிட்ட நிக்கிறேன். எவ்ளோ நேரம் ஆனாலும் நிக்கிறேன்.”

“இது முடியாதும்மா.”

சொல்லிவிட்டு, என் மீது படாமல் ஒதுங்கி, நடந்தார். நான் திரும்பினேன். இப்போது மலை மறுபடி என் வலது கைப் பக்கம் வந்துவிட்டது. அவர் முதுகு எனக்கு முன்னால் போனது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே கூப்பாடுதான்.

“ஏங்க!” என்று கத்தினேன். “ஏங்க!”

பாதையில் போய்க்கொண்டிருந்த ஆண்கள் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை.

கோபுரம் வரைக்கும் பின்னாலேயே போனேன். அவர் கும்பிட்டார், நிற்கவில்லை, அடுத்த சுற்றுக்கு நடந்தார். எனக்கு அதற்கு மேல் கால் வரவில்லை. போனை எடுத்து அவர் போவதைப் படம் பிடித்தேன். கூட்டத்தில் காவி மறைகிற வரைக்கும் பிடித்தேன். எதற்குப் பிடித்தேன் என்றால், அத்தைக்குக் காட்ட வேறு என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம் வீடியோ கால் வந்தபோது எடுக்கவில்லை. மறுநாள், “பாக்க முடியல அத்தை” என்று பொய் சொன்னேன். போனில் சொல்கிற விஷயமா இது? அதன் பிறகு தை முடியும் வரை லேபும் அறையுமாக இருந்தேன். இரண்டு தடவை எதிரே நடந்து மறித்துப் பார்த்தேன். கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போனார், அம்மாவென்றுகூடச் சொல்லவில்லை. கடைசிப் பௌர்ணமி காலையில், பட்டினியாக வந்தவர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்து முடித்துவிட்டு, பெட்டியைக் கட்டினேன். வீட்டுக்கார அம்மா மஞ்சளும் குங்குமமும் கொடுத்து, “அடுத்த வாட்டி வீட்டுக்காரரோட வாம்மா” என்றார். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

நாத்தனார் வீட்டில் அத்தை இன்னும் சுருங்கிப் போயிருந்தார். நாத்தனார் அடுப்படியில் இருந்தாள். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர் உதடு நடுங்கியதைச் சொன்னேன். “சுத்து முடியல” என்றதையும் சொன்னேன். அம்மா என்று என்னைக் கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை. அப்புறம் வீடியோவைப் போட்டு முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“அவன்தான்” என்றார் உடனே. “கால் சாய்க்கிறான் பாரு. எளச்சிட்டானே! திரும்புவானா?”

“கூப்ட்டேன் அத்தை. கத்திக் கூப்ட்டேன். திரும்பல.”

“திரும்பக் கூடாது இல்ல” என்றார். அந்தப் பழைய பெருமை முகத்தில் வந்தது. “நான் சொல்லிக் குடுத்தது. மறக்கல பாரு என் புள்ள.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போயிருப்பேன். அதற்குள் படம் முடிந்து, போன் இருட்டாகிவிட்டது. இன்னொரு தடவை போடச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. இருட்டான போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமை மெல்ல மெல்ல வடிந்துபோனது.

அன்றிலிருந்து அவர் “பாத்தியா” என்று கேட்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் வரும், போகும். நான் வலியப் போய் உட்கார்ந்தாலும் கேட்க மாட்டார். சோறு ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார், அப்புறம் தலையைத் திருப்பிக்கொள்வார். மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், வெந்நீரில் துணியை நனைத்து அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். பேச்சு குழறியது. குனிந்து காதைக் கிட்டே கொண்டு போனேன்.

“ரெண்டடிதான்டி” என்றார். “அன்னிக்கு ரெண்டடி பின்னால போயி, அந்த பஸ்ஸ எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கலாம்.”